யூகான் திரும்பவும் கான்ஃபரன்ஸ் மாறணுமா? பிக் 12 பேச்சு பத்தி பேசலாம் வாங்க

ஹஸ்கிவெறியன்:

பிக் 12ன்ற லீக்காரங்க யூகானை (கனெக்டிகட் யூனிவர்சிட்டி) சேத்துக்கலாமான்னு பேசி 2024 செப்டம்பர்ல அந்தப் பேச்சை நிறுத்தி வெச்சாங்கல்ல, அது அதோட முடிஞ்சுதுன்னு நான் நினைக்கல. திரும்ப வரும். வந்தா போகக்கூடாதுன்றதுதான் என் கட்சி. ஏன்னு எழுதறேன், நீளமாத்தான் வரும், பொறுமையா படிங்க.

பழசு தெரியாதவங்களுக்கு மொதல்ல கதை. அமெரிக்க காலேஜ் டீமுங்க கான்ஃபரன்ஸ்னு தனித்தனி லீக்கா பிரிஞ்சு ஆடறாங்க, நாம இங்க முக்கியமா பேசறது கூடைப்பந்து. பிக் ஈஸ்ட்ன்ற லீக் 1979ல ஆரம்பிச்சப்போ இருந்தே யூகான் அதுல இருக்கு. 1986ல ஜிம் கால்ஹூன் கோச்சா வந்தப்புறம்தான் நாடே திரும்பிப் பாத்துச்சு, 1999, 2004, 2011ன்னு மூணு தேசிய சாம்பியன்ஷிப். 2011 டீம் லீக்ல 9 ஜெயிச்சு 9 தோத்து ஒன்பதாவது இடத்துல இருந்த டீம், நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல அஞ்சு நாள்ல அஞ்சு மேட்ச் ஜெயிச்சு லீக் கோப்பையை வாங்கி, அதே வேகத்துல தேசிய கோப்பையையும் வாங்கிட்டாங்க, கெம்பா வாக்கர் ஆடின ஆட்டம் அது. லீக்ல ஒன்பதாவது வர்ற டீமே அப்படின்னா அந்த லீக் எவ்ளோ கடுமையா இருந்திருக்கும்னு யோசிங்க.

அப்புறம் ஃபுட்பால் (கால்பந்து இல்ல, அமெரிக்கன் ஃபுட்பால்) காசு எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுது. வெஸ்ட் வர்ஜீனியா 2012ல பிக் 12க்கு போச்சு, சிராக்யூஸ், பிட் ரெண்டும் 2013ல ஏசிசின்ற லீக்குக்கு, 2014ல லூயிவில்லும் ஏசிசிக்கு, ரட்கர்ஸ் பிக் டென்னுக்கு. பெரிய லெவல் ஃபுட்பால் இல்லாத ஏழு கத்தோலிக்க காலேஜுங்க 2012 டிசம்பர்ல நாங்க தனியா போறோம்னு அறிவிச்சு, போகும்போது பிக் ஈஸ்ட்ன்ற பேரையும் கார்டன்ல நடக்கற டோர்னமென்டையும் சேத்தே கொண்டு போய்ட்டாங்க. யூகான் இருந்த இடத்துலயே இருந்துச்சு, சுத்தி இருந்தவங்கதான் இல்ல. மிச்சம் இருந்தவங்களையும் புதுசா வந்தவங்களையும் சேத்து அமெரிக்கன் அத்லெடிக் கான்ஃபரன்ஸ்னு பேர் வெச்சாங்க, சுருக்கமா அமெரிக்கன்.

அந்த லீக்ல மொத வருஷமே, 2014ல, தேசிய டோர்னமென்ட்ல ஏழாம் சீட்ல (கமிட்டி குடுக்கற தரவரிசை இடம்) இருந்து வந்து கென்டக்கியை 60-54ன்னு தோக்கடிச்சு சாம்பியன் ஆனோம். அதைக் காட்டி "பாருங்க, லீக்ல ஒண்ணும் இல்ல"ன்னு நிறைய பேர் சொன்னாங்க. ஆனா அந்த டீம் யாரோட டீம்? ஷபாஸ் நேபியர், நீல்ஸ் கிஃபி ரெண்டு பேரும் 2011 சாம்பியன் டீம்லயே சின்னப் பசங்களா இருந்தவங்க. ரயன் போட்ரைட், டியாண்ட்ரே டேனியல்ஸ் எல்லாம் பழைய பிக் ஈஸ்ட்டை நம்பி வந்தவங்க. சரக்கு பழைய கடையோடது, போர்டு மட்டும்தான் புதுசு.

அந்தப் பசங்க போனதும் என்னாச்சுன்னா, அந்த லீக்ல இருந்த ஏழு சீசன்ல தேசிய சாம்பியனை முடிவு பண்ற என்சிஏஏ டோர்னமென்ட்டுக்குப் போனது ரெண்டே தடவை, 2014, 2016. (2020ல கோவிட்னால டோர்னமென்டே நடக்கல, அதைக் குத்தமா சொல்லல.) 2016-17 சீசன்ல 16 வெற்றி 17 தோல்வி, அடுத்த வருஷம் 14-18, அதுக்கடுத்த வருஷம் திரும்ப 16-17. தொடர்ந்து மூணு சீசன் தோல்வி கணக்கு. 2018ல கோச் கெவின் ஆலியை நீக்கிட்டு டான் ஹர்லியை கொண்டு வந்தாங்க.

2019 ஜூன்ல பிக் ஈஸ்ட்டுக்கே திரும்பப் போறோம்னு அறிவிப்பு. வெளிய வர 17 மில்லியன் டாலர் கட்டினாங்க, ஃபுட்பால் டீமுக்கு லீக்கே இல்லாம தனியா நிக்க வேண்டியதாச்சு. 2020 ஜூலைல சேந்தாங்க. அதுக்கப்புறம் 2021ல இருந்து 2025 வரைக்கும் ஒரு வருஷம் விடாம டோர்னமென்ட், 2023லயும் 2024லயும் அடுத்தடுத்து சாம்பியன். ஃபைனல்ல சான் டியாகோ ஸ்டேட்டை 76-59, பர்டூவை 75-60.

நான் சொல்றது இதுதான். ஜனவரி, பிப்ரவரில வாரத்துக்கு ரெண்டு மேட்ச் யாரோட ஆடற, எந்த ஊருக்குப் போய் ஆடறன்றதுதான் ஒரு டீமை உருவாக்குது. டல்சாவும் ஈஸ்ட் கரோலினாவும் டுலேனும் மோசமான காலேஜ்னு சொல்லல, ஆனா கனெக்டிகட்ல இருக்கற ரசிகனுக்கு அந்தப் பேருங்களோட எந்தப் பழைய பகையும் கிடையாது, நியூ ஜெர்சில பதினோராங்கிளாஸ் படிக்கற பையனுக்கு அங்க போய் ஆடணும்னு ஆசையும் வராது, அவங்க அம்மா அப்பா காரெடுத்துட்டு வந்து பாக்கவும் முடியாது, வியாழக்கிழமை ராத்திரி கிரீன்வில்லுக்கு யார் போவா. ப்ராவிடன்ஸ், செயின்ட் ஜான்ஸ், சீடன் ஹால், வில்லனோவான்னா கதை வேற.

புதுவரவு:

நல்லா எழுதிருக்கீங்கண்ணே. நான் மார்ச் மாசம் மட்டும் பாக்கற ஆளு. ஒரு சந்தேகம், கடைசில டோர்னமென்ட் டீம்ல பாதிக்கு மேல கமிட்டிதானே பொறுக்கி எடுக்குது, அப்போ எந்த லீக்ல இருந்தா என்ன, நல்லா ஆடினா எடுக்க மாட்டாங்களா?

கணக்குப்பிள்ளை:

தம்பி, அங்கதான் விஷயமே. ஒரு சீசன்ல முப்பது சொச்சம் மேட்ச், அதுல 18ல இருந்து 20 வரைக்கும் சொந்த லீக்குக்குள்ள ஆடற மேட்ச். அதை நீ தேர்ந்தெடுக்க முடியாது. நெட்டுன்னு ஒரு தரவரிசை 2018-19ல இருந்து வெச்சிருக்காங்க, கமிட்டி அதைப் பாத்து உன் வெற்றியை நாலு வகையா பிரிக்கும். முதல் வகைன்னா உன் ஊர்ல முதல் 30 இடத்துக்குள்ள இருக்கற டீமை ஜெயிக்கணும், பொது இடத்துல முதல் 50, அடுத்தவன் ஊர்ல போய்னா முதல் 75. பெரிய லீக்ல இருந்தா இந்த வாய்ப்பு வாராவாரம் வரும். சின்ன லீக்ல இருந்தா நவம்பர், டிசம்பர்ல கிடைக்கற நாலஞ்சு மேட்ச்தான், அதுலயும் பெரிய டீம் உன் ஊருக்கு வரவே மாட்டான்.

இன்னொண்ணு காசு. டோர்னமென்ட்ல ஃபைனலைத் தவிர நீ ஆடற ஒவ்வொரு மேட்சுக்கும் ஒரு யூனிட், ஒரு யூனிட்னா ஆறு வருஷத்துல மொத்தமா சுமார் 2 மில்லியன் டாலர். அது காலேஜுக்கு நேரா வராது, லீக்குக்குத்தான் போகும், லீக் எல்லாருக்கும் பங்கு போடும். நீ லீக்கை விட்டுப் போனா நீ சம்பாதிச்ச யூனிட் அங்கயே தங்கிடும்.

விச்சிட்டா வேலு:

கணக்கு சார் சொன்னதை அப்படியே அனுபவிச்சவங்க நாங்க. நான் விச்சிட்டாவுக்கு வேலைக்கு வந்தப்போ ஊரே ஷாக்கர்ஸ் (விச்சிட்டா ஸ்டேட் டீம்) பைத்தியமா இருந்துச்சு. 2013ல ஃபைனல் ஃபோர், அதாவது கடைசி நாலு டீம்ல ஒண்ணு. 2014ல டோர்னமென்டுக்குள்ள 34-0ன்னு போனோம், ஒரு மேட்ச் தோக்காம, ரெண்டாவது ரவுண்டுலயே கென்டக்கி வந்து நின்னான், 78-76, போச்சு.

ஆனா நான் சொல்ல வந்தது 2017. எங்க பழைய லீக்கான மிசௌரி வேலில 17-1, மொத்தத்துல 30-4ன்னு வெச்சிருந்தோம். என்ன சீட் குடுத்தாங்க தெரியுமா? பத்து. முப்பது மேட்ச் ஜெயிச்ச டீமுக்கு பத்தாம் சீட். எங்களோட சேந்து லீக்ல 17-1 வாங்கின இல்லினாய் ஸ்டேட்டை டோர்னமென்டுக்கே எடுக்கல. திரும்பவும் ரெண்டாவது ரவுண்டுல கென்டக்கி, 65-62. அந்த வருஷமே லீக் மாறிட்டாங்க, 2017 ஜூலைல இருந்து அமெரிக்கன். எனக்கு அன்னைக்கு அது சரியாத்தான் பட்டுச்சு, யூகான், சின்சினாட்டி, ஹூஸ்டன், மெம்பிஸ் எல்லாம் எங்க அரங்கமான கோச் அரீனாவுக்கு வரப்போறாங்கன்னு ஊர்ல ஒரே சந்தோஷம்.

அப்புறம் பாருங்க. மூணு வருஷத்துல யூகான் போச்சு. 2023ல ஹூஸ்டன், சின்சினாட்டி, யூசிஎஃப் மூணும் பிக் 12க்கு போச்சு. யாரோட ஆடணும்னு போனோமோ அவங்கள்ல மெம்பிஸ் மட்டும்தான் மிச்சம். பழைய லீக்ல வருஷா வருஷம் மார்ச்ல செயின்ட் லூயிஸுக்கு கூட்டம் கூட்டமா காரெடுத்துட்டுப் போவோம், அந்தப் பழக்கமும் போச்சு. பிராட்லி, நார்தர்ன் ஐயோவா, மிசௌரி ஸ்டேட்டோட இருந்த பகை எல்லாம் ஆறிப்போச்சு. மாறினதுக்கப்புறம் 2018, 2021, இந்த ரெண்டு வருஷம்தான் டோர்னமென்ட். நடுவுல 2020 நவம்பர்ல கோச் கிரெக் மார்ஷலும் விலகிட்டார், அதையும் சேத்துத்தான் பாக்கணும், எல்லாப் பழியையும் லீக் மேல போட முடியாது. ஆனா ஒரு லீக்ல சேரும்போது அந்த லீக் அப்படியே இருக்கும்னு நம்பித்தான் சேர்றோம், அந்த நம்பிக்கைக்கு எந்த ஒப்பந்தமும் கிடையாது.

ஹூஸ்டன் பாண்டி:

எல்லாரும் லீக் லீக்குன்னு பேசறீங்க, நான் கோச்சும் கட்டடமும்தான்னு சொல்வேன். ஹூஸ்டன் கதையை யாராவது சொன்னீங்களா?

1980கள்ல ஒலாஜுவான், டிரெக்ஸ்லர் ஆடின டீம் இது. அப்போ சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ். அது 1996ல கலைஞ்சப்போ டெக்சாஸ், டெக்சாஸ் ஏ அண்ட் எம், டெக்சாஸ் டெக், பெய்லர் நாலு பேரும் பிக் 12க்கு போனாங்க, ஹூஸ்டனை யாரும் கூப்பிடல. கான்ஃபரன்ஸ் யூஎஸ்ஏவுக்குப் போனோம். 1984க்கு அப்புறம் என்சிஏஏ டோர்னமென்ட்ல ஒரு மேட்ச் ஜெயிக்க 2018 ஆகணும்னு இருந்துச்சு. முப்பத்து நாலு வருஷம்!

கெல்வின் சாம்ப்சன் 2014ல வந்தார். அப்போ நாங்க எந்த லீக்? நீங்க எல்லாம் குப்பைன்னு சொல்ற அதே அமெரிக்கன். அதே லீக்ல இருந்துகிட்டே 2018 டிசம்பர்ல ஃபெர்டிட்டா சென்டர்ன்ற அரங்கத்தைத் திறந்தாங்க, 2021ல ஃபைனல் ஃபோர் போனோம். 2023ல பிக் 12க்குப் போனப்போ "இப்போ தெரியும் பாரு"ன்னு டிவில எல்லாரும் பேசினாங்க. மொத வருஷமே 15-3, லீக்ல முதலிடம். அடுத்த வருஷம் 19-1, தேசிய ஃபைனல்ல ஃப்ளோரிடாகிட்ட 65-63, ரெண்டே ரெண்டு பாயிண்ட். சின்ன லீக்ல இருந்தப்போ என்ன டிஃபன்ஸ் ஆடினாங்களோ அதையேதான் பெரிய லீக்லயும் ஆடினாங்க. யூகானும் அப்படித்தான், ஹர்லி வந்ததுதான் காரணம், அவர் வந்தது 2018ல, அமெரிக்கன்ல இருக்கும்போதே. லீக்குக்கு ஏன் பேர் குடுக்கறீங்க?

ஹஸ்கிவெறியன்:

பாண்டி அண்ணே, நீங்க சொன்ன ஹூஸ்டன் கதையை நான் அப்படியே ஏத்துக்கறேன், சாம்ப்சன் பண்ணது பெரிய சாதனை. ஆனா உங்க கதைலயே என் வாதம் ஒளிஞ்சிருக்கு. 1996ல பக்கத்து ஊர்க்காரங்க எல்லாம் ஒரு பக்கம் போய் நீங்க தனியா விடப்பட்டதும் எத்தனை வருஷம் தேஞ்சீங்க? அதுவும் ஹூஸ்டன் மாதிரி ஒரு ஊர்ல இருந்துகிட்டு, வீட்டு வாசல்லயே அவ்ளோ பசங்க கூடைப்பந்து ஆடற ஊரு. யூகான் இருக்கற ஸ்டோர்ஸ் அப்படி இல்ல. சுத்தி மாட்டுப்பண்ணை இருக்கற காலேஜ் ஊரு அது, பசங்க நியூயார்க், நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ், மேரிலாந்துல இருந்து வரணும். வரணும்னா அவங்க ஊர்ப்பக்கம் நாம ஆடணும்.

ஹர்லியைப் பத்தி. அவர் யார்னு பாருங்க. ஜெர்சி சிட்டில பொறந்தவர், அவங்கப்பா பாப் ஹர்லி செயின்ட் ஆன்டனி பள்ளிக்கூடத்துல பல வருஷம் கோச், இவரு காலேஜ் ஆடினதே சீடன் ஹால்ல, பிக் ஈஸ்ட் வாசனையிலயே வளந்தவர். அவரோட ஆளுங்க, அவர் நுழையற வீடுங்க எல்லாம் அந்தப் பக்கம்தான். அமெரிக்கன்ல அவருக்குக் கிடைச்ச மொத சீசன் 16-17, ரெண்டாவது 19-12.

2019 ஜூன் அறிவிப்புக்கு அப்புறம் யூகானுக்கு வரேன்னு சொன்னவங்களைப் பாருங்க. ஆண்ட்ரே ஜாக்சன், நியூயார்க் ஸ்டேட் பையன். அடாமா சனோகோ. ஜோர்டன் ஹாக்கின்ஸ், மேரிலாந்து. அலெக்ஸ் கரபான், மாசசூசெட்ஸ். டானவன் க்லிங்கன், நம்ம கனெக்டிகட் பிரிஸ்டல். 2023, 2024 டீமோட முதுகெலும்பே இவங்கதான். அமெரிக்கன்லயே இருந்திருந்தாலும் ஒண்ணு ரெண்டு பேர் வந்திருப்பாங்க, இத்தனை பேர் வந்திருக்க மாட்டாங்கன்றது என் எண்ணம்.

ஒரு விஷயம் மட்டும் உங்க பக்கம் சேரும். ரெண்டு சாம்பியன்ஷிப்லயும் பந்தைக் கையில வெச்சு டீமை நடத்தின டிரிஸ்டன் நியூட்டன் ஈஸ்ட் கரோலினால இருந்து வந்தவர், நாங்க ஓடி வந்த அதே லீக். நல்ல ஆட்டக்காரன் எங்கயும் இருப்பான், அவன் நம்மகிட்ட வரணும்னு நினைக்க வைக்கறது எதுன்றதுதான் கேள்வி.

ஒமாஹா சிவா:

நான் ஒமாஹால இருக்கற க்ரெய்ட்டன் காலேஜ் டீம் ஆளு. எங்க டீம்தான் இந்த இழைக்கு நல்ல உதாரணம், ஏன்னா மாறினதோட பலன் எத்தனாவது வருஷத்துல தெரியும்னு எங்ககிட்டதான் பாக்கணும்.

2013ல மிசௌரி வேலில இருந்து பிக் ஈஸ்ட்டுக்குப் போனோம், பட்லரும் சேவியரும் கூட வந்தாங்க. மொத சீசன் தூள் பறந்துச்சு. டக் மெக்டர்மாட் கடைசி வருஷம், லீக்ல 14-4. 2014 ஜனவரில நாலாவது ரேங்க்ல இருந்த வில்லனோவாவை அவங்க ஊர்லயே 96-68, மூணு பாயிண்ட் ஷாட் மட்டும் 21, ஈதன் ராக் ஒருத்தரே ஒன்பது போட்டார், இன்னைக்கும் யூட்யூப்ல போட்டுப் பாப்பேன். எல்லாரும் "இந்த லீக் நமக்கு சரியா வரும்"னு முடிவு பண்ணிட்டாங்க. அடுத்த வருஷம் 4-14. லீக்ல கடைசி இடத்தைப் பங்கு போட்டோம், பட்டவங்களுக்குத்தான் தெரியும்.

ஏன்னா டக்கும் ராக்கும் போனப்புறம் பெஞ்சுல இருந்தவங்க எல்லாம் மிசௌரி வேலிக்காக எடுத்த பசங்க. அந்த லீக்ல அவங்க நல்லா ஆடியிருப்பாங்க. பிக் ஈஸ்ட்ல ஒவ்வொரு ராத்திரியும் எதிர்ல நிக்கறவன் ரெண்டு இஞ்ச் உயரம், ஒரு அடி வேகம் கூட. கோச் கிரெக் மெக்டர்மாட்டை நீக்கணும்னு அப்போ கத்தினவங்க இருந்தாங்க, காலேஜ் பொறுமையா இருந்துச்சு. அந்தப் பொறுமைதான் பலன் குடுத்துச்சு. புது லீக்குக்கு ஏத்த பசங்களைத் தேடிச் சேத்து, 2020ல வில்லனோவா, சீடன் ஹாலோட சேந்து லீக் முதலிடம், 2021ல ஸ்வீட் சிக்ஸ்டீன் (கடைசி 16), 2023ல எலைட் எய்ட்ல (கடைசி 8) சான் டியாகோ ஸ்டேட்கிட்ட ஒரே பாயிண்ட்ல, 57-56, ஃபைனல் ஃபோர் போச்சு. ரயன் கால்க்ப்ரெனர் செயின்ட் லூயிஸ் பக்கத்துப் பையன், மிசௌரி வேலியோட சொந்த மண்ணு அது, அங்க இருந்து ஒமாஹா வந்து பிக் ஈஸ்ட்ல நாலு வருஷம் வரிசையா சிறந்த டிஃபன்ஸ் ஆட்டக்காரர் விருது வாங்கினார்.

அதனால ஒரு டீம் மாறின மொத வருஷத்தைப் பாத்து தீர்ப்பு சொல்லாதீங்க. அது பழைய பசங்களோட வருஷம். மூணாவது, நாலாவது வருஷம்தான் உண்மை. யூகான் 2014 பத்தி ஹஸ்கி சொன்னதும் இதேதான்.

புதுவரவு:

அப்போ லயோலா சிகாகோ? அந்த கன்னியாஸ்திரி சிஸ்டர் ஜீன் டீம்.

ஒமாஹா சிவா:

தலைகீழ் கதை. 2018 ஃபைனல் ஃபோர், 2021 ஸ்வீட் சிக்ஸ்டீன் எல்லாம் மிசௌரி வேலில இருக்கும்போது. 2022ல அட்லாண்டிக் 10க்குப் போனாங்க, மொத வருஷமே 10-21, லீக்ல 4-14. அடுத்த வருஷம் 15-3ன்னு ரிச்மண்டோட சேந்து முதலிடம்! போர்ட்டல் (ஆட்டக்காரங்க காலேஜ் மாறற முறை) வந்தப்புறம் ஒரே கோடையில டீமை மாத்திடலாம், எங்க காலத்துல அது கிடையாது. ஆனா டேவிட்சன்னு ஒண்ணு இருக்கு, 2014ல சதர்ன் கான்ஃபரன்ஸ்ல இருந்து அதே அட்லாண்டிக் 10க்கு வந்தாங்க, 14 டீம்ல பன்னண்டாவது வருவாங்கன்னு கணிச்சாங்க, மொத வருஷமே முதலிடம். எல்லாம் ஒரே அச்சுல வராது.

தேன்மொழி:

யாரும் பெண்கள் டீமைப் பத்திப் பேசல, யூகான்னா எனக்கு மொதல்ல ஞாபகம் வர்றதே கோச் ஜீனோ ஆரியெம்மா டீம்தான். அமெரிக்கன்ல இருந்த ஏழு வருஷத்துல லீக் டோர்னமென்டையும் சேத்து 139-0. ஒரு மேட்ச் கூட தோக்கல. கேக்க பெருமையா இருக்கும், பாக்க வேதனையா இருந்துச்சு. நாப்பது அம்பது பாயிண்ட் வித்தியாசத்துல ஜெயிச்சு ஜெயிச்சு, கடைசி ரெண்டு நிமிஷம் இழுபறியா இருந்தா எப்படி ஆடணும்னே பழக வாய்ப்பில்லாம போச்சு. 2017ல 111 மேட்ச் தொடர் வெற்றியோட ஃபைனல் ஃபோருக்குப் போய் மிசிசிப்பி ஸ்டேட்கிட்ட ஓவர்டைம்ல கடைசி ஷாட்ல தோத்தாங்க. 2018ல நோட்ரடேம்கிட்ட அதே மாதிரி ஓவர்டைம், கடைசி ஷாட். ரெண்டும் லீக்னாலதான்னு நிரூபிக்க முடியாது, எனக்கு அப்படித்தான் தோணுது.

பிக் ஈஸ்ட் வந்தப்புறமும் பெரும்பாலும் இவங்கதான் ஜெயிக்கறாங்க, ஆனா 2022 பிப்ரவரில வில்லனோவா வந்து 72-69ன்னு ஜெயிச்சப்போ 169 லீக் மேட்ச் தொடர் முடிஞ்சுது. அன்னைக்கு நான் வருத்தப்படவே இல்ல. 2025ல சவுத் கரோலினாவை 82-59ன்னு அடிச்சு பன்னண்டாவது சாம்பியன்ஷிப்.

இன்னொரு விஷயம், டிவி. 2019ல அமெரிக்கன் லீக் ஈஎஸ்பிஎன்னோட 12 வருஷத்துக்கு ஒரு பில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டப்போ, நிறைய மேட்ச் ஈஎஸ்பிஎன் ப்ளஸ்ல காசு கட்டித்தான் பாக்கணும்னு ஆச்சு. இங்க பெண்கள் மேட்சை கேபிள்ல சாதாரணமா பாக்கற வயசானவங்க எவ்ளோ பேர் தெரியுமா, எங்க தெருவுலயே ஒரு பாட்டி இருக்காங்க, ஆட்டக்காரப் பொண்ணுங்க எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. அந்த ஜனங்களை இழக்கக்கூடாதுன்றதும் திரும்பி வந்ததுக்கு ஒரு காரணம்னு நான் நம்பறேன்.

கணக்குப்பிள்ளை:

உணர்ச்சி எல்லாம் சரி. எண்ணைப் பாக்கலாம். பிக் 12ல ஒரு காலேஜுக்கு டிவி ஒப்பந்தத்துல மட்டும் வருஷத்துக்கு சராசரி 31 மில்லியனுக்கு மேல. பிக் ஈஸ்ட்டோட புது ஒப்பந்தம், ஃபாக்ஸ், என்பிசி, டிஎன்டி மூணையும் சேத்து, மொத்த லீக்குக்கே வருஷத்துக்கு 80 மில்லியன் கிட்டத்தான்னு செய்தி வந்துச்சு, பங்கு போட்டா தலைக்கு ஏழு சொச்சம். யூகான் விளையாட்டுத் துறை 2018, 2019 ரெண்டு நிதியாண்டுலயும் 40 மில்லியனுக்கு மேல பற்றாக்குறை காட்டின துறை, அதைக் காலேஜ்தான் நிரப்பிச்சு, அது மாநிலப் பணமும் பசங்க ஃபீஸும். 2025-26ல இருந்து ஆட்டக்காரங்களுக்கு நேரடியாவே காலேஜ் பணம் குடுக்கலாம்னு ஆயிடுச்சு, அந்த வருஷத்துக்கு 20.5 மில்லியன் வரைக்கும். பெரிய லெவல் ஃபுட்பால் இல்லாத வில்லனோவாவும் செயின்ட் ஜான்ஸும் இருக்கறதை கூடைப்பந்துல கொட்டலாம். யூகானுக்கு ஃபுட்பாலும் இருக்கு, 2024ல 9-4 போய் நார்த் கரோலினாவை சீசன் முடிவுல நடக்கற பௌல் மேட்ச்ல ஜெயிச்ச டீம், அதை மூடச் சொல்லவும் முடியாது. பணம் எங்கருந்து வரும்?

டெர்ப்ஸ் ரகு:

கணக்கு சார் கேட்ட கேள்விக்கு மேரிலாந்துதான் பதில், நல்லதும் கெட்டதுமா. ஏசிசியை 1953ல ஆரம்பிச்சவங்கள்ல நாங்களும் ஒருத்தர். 2012ல பணம் இல்லாம ஏழு விளையாட்டை மூடினாங்க, நீச்சல், ஓட்டம்னு பசங்க நடுத்தெருவுல நின்னாங்க. அதே வருஷம் நவம்பர்ல பிக் டென்னுக்குப் போறோம்னு அறிவிப்பு, 2014ல போனாங்க. ஏசிசி 52 மில்லியன் கேட்டு கேஸ் போட்டு கடைசில 31 மில்லியன் சொச்சத்துல முடிஞ்சுது. பண நெருக்கடிதான் போக வெச்சுதுன்றதுல சந்தேகமே இல்ல, அதைக் குறை சொல்ல மாட்டேன். 2020ல பிக் டென் முதலிடத்தைப் பங்கு போட்டோம், டீமும் ஒண்ணும் சீரழியல.

ஆனா பழைய ஏசிசி எதிரி ட்யூக் வர்ற ராத்திரி எங்க ஊர் காலேஜ் பார்க் எப்படி இருக்கும்னு பாத்தவங்ககிட்ட கேளுங்க. 2002 சாம்பியன் டீம் அந்தப் பகைல வளந்த டீம். பிக் டென்ல பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, இந்த டீமைத் தோக்கடிச்சே ஆகணும்னு மொத்த ஊரும் சேந்து வெறுக்கற ஒரு எதிரி இன்னும் எங்களுக்குக் கிடைக்கல. அது எந்த பேலன்ஸ் ஷீட்லயும் வராது, ஆனா டிக்கெட் எடுக்க வைக்கறது அதுதான்.

ஹூஸ்டன் பாண்டி:

ஹஸ்கி, ஒண்ணு மட்டும் நேரா பதில் சொல்லுங்க. அமெரிக்கன் வேற, பிக் 12 வேற. கன்சாஸ், அரிசோனா, பெய்லர், நாங்க, ஐயோவா ஸ்டேட். இதைவிடக் கடுமையான ஜனவரி எங்கயாவது உண்டா? யாரோட ஆடறன்றதுதான் முக்கியம்னு நீங்கதானே சொன்னீங்க, அந்தக் கணக்குல பிக் 12தானே மேல?

ஹஸ்கிவெறியன்:

இந்த இழைலயே இதுதான் நியாயமான கேள்வி. எதிராளி தரத்துல பிக் 12 மேலதான், மறுக்கல. நெட் கணக்கும் நல்லா வரும், சீட்டும் நல்லா கிடைக்கும்.

ஆனா நான் ரெண்டு விஷயம் சொன்னேன், யாரோடன்னு மட்டும் இல்ல, எந்த ஊர்லன்னும் சொன்னேன். ஸ்டோர்ஸ்ல இருந்து லப்பக், டெம்பி, ப்ரோவோன்னு தூரத்து பிக் 12 ஊருங்களுக்குப் போகணும். பனிக்காலத்துல புதன்கிழமை ராத்திரி யூட்டால மேட்ச் ஆடிட்டு விடியக்காலைல இறங்கி வகுப்புக்குப் போகணும். ஆண்கள் டீமுக்காவது தனி விமானம் போடுவாங்க, சாஃப்ட்பால், சாக்கர், வாலிபால் ஆடற பசங்க பொண்ணுங்களும் அதே லீக்தான், அவங்களுக்கு? லாஸ் ஏஞ்சலஸ்ல இருந்து யூசிஎல்ஏ 2024ல பிக் டென்னுக்குப் போய் நியூ ஜெர்சிக்கும் மேரிலாந்துக்கும் பறந்துட்டிருக்கு, மூணு மணி நேர வித்தியாசம் ஒவ்வொரு தடவையும். அப்புறம் மார்ச். பிக் 12 டோர்னமென்ட் கன்சாஸ் சிட்டில. கார்டன்ல பாதி அரங்கம் நீலமா இருக்கறதுக்குக் காரணம் ரெண்டரை மணி நேரத்துல ரயிலேறிப் போய்டலாம்ன்றதுதான், கன்சாஸ் சிட்டிக்கு எத்தனை பேர் போவாங்க?

பணத்துக்கு என்கிட்ட முழு பதில் இல்லைன்னு கணக்கு சார் நினைக்கலாம். என் பதில் இதுதான்: யூகான்ன்ற பேருக்கு இன்னைக்கு இருக்கற விலையே அந்த ரெண்டு கோப்பையாலதான், அந்தக் கோப்பை இந்த லீக்ல இருந்து வந்துச்சு. 2018ல யாராவது பிக் 12க்கு யூகானைக் கூப்பிடணும்னு துடிச்சாங்களா? அவங்க 2016ல லீக்கைப் பெருசாக்கறோம்னு நிறைய காலேஜைக் கூப்பிட்டு விசாரிச்சப்போ யூகானும் வரிசைல நின்னுச்சு, கடைசில யாரையுமே எடுக்கல. அந்தக் கோப்பை தந்த இடத்தையே வித்து காசாக்கறது எனக்கு ஒப்பல.

விச்சிட்டா வேலு:

நாளைக்கே பிக் 12 திரும்பக் கூப்பிட்டா உங்க ஊர் ஆளுங்க "ஆமா"ன்னுதான் சொல்லுவாங்க ஹஸ்கி, நாங்களும் 2017ல அப்படித்தான் சொன்னோம். அப்படிப் போறதா இருந்தா என் யோசனை, கையெழுத்து போடறதுக்கு முன்னாடியே ப்ராவிடன்ஸ், செயின்ட் ஜான்ஸ், வில்லனோவாவோட வருஷா வருஷம் மேட்ச்னு பத்து வருஷத்துக்கு எழுதி வாங்கிடணும். அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டா அட்டவணைல இடம் இருக்காது, எங்களுக்கும் பிராட்லிக்கும் அப்படித்தான் ஆச்சு.

டெர்ப்ஸ் ரகு:

நூத்துக்கு நூறு. கொன்சாகா காலேஜும் இதை இப்பவே பண்ணணும். 2026 ஜூலைல வெஸ்ட் கோஸ்ட் லீக்கை விட்டு புது பேக்-12க்குப் போறாங்க, ஃபுட்பாலே இல்லாம. சான் டியாகோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட், பாய்சி ஸ்டேட்டோட ஆடறது ஜனவரிக்கு நல்லதுதான், 1999ல இருந்து ஒரு டோர்னமென்ட் கூட விடாத டீமுக்கு இனிமே சீட் பத்தி யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. ஆனா செயின்ட் மேரிஸை விட்டுடக்கூடாது, அந்த லீக்ல அவங்களை வருஷா வருஷம் வேர்க்க வெச்சது அந்த ஒரு டீம்தான்.

புதுவரவு:

இவ்ளோ படிச்சப்புறம் மார்ச் வரைக்கும் காத்திருக்க முடியாது போல. பிக் ஈஸ்ட்ல ஜனவரில எந்த மேட்ச்ல இருந்து ஆரம்பிக்கலாம்?

ஹஸ்கிவெறியன்:

செயின்ட் ஜான்ஸ் மேட்ச், அதுவும் கார்டன்ல நடந்தா விடவே விடாதீங்க. ரிக் பிட்டினோ 2023ல வந்து ரெண்டே வருஷத்துல அந்த டீமை எழுப்பி நிறுத்திட்டார், 2025ல 18-2ன்னு லீக் முதலிடம், லீக் டோர்னமென்டும் அவங்கதான். அந்தப் பக்கம் பிட்டினோ, இந்தப் பக்கம் ஹர்லி, ரெண்டு பேரும் நாற்காலில உக்கார மாட்டாங்க. தேன்மொழி அக்கா பெண்கள் அட்டவணை போடுவாங்க, அதையும் பாருங்க.

தேன்மொழி:

லீக் அட்டவணை வந்ததும் ஆண்கள், பெண்கள் ரெண்டையும் சேத்தே இங்க போடறேன் தம்பி, எந்த மேட்ச் எந்த சேனல்னும் சேத்து.